உயிரியல் தொழினுட்பக் கம்பனிகள் பொதுமக்களிடம் பங்கு விற்பது ஏன்?

க.பொ.த. (சாதாரண தரம்) – வணிகக் கல்வியும் கணக்கீடும்
துணைப் பாடம்: பொதுக் கம்பனியும் பங்கு மூலதனமும்

1. அறிமுகம்



உங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் பெயர்ப்பலகையை ஒருமுறை நின்று வாசித்துப் பாருங்கள். தோட்டத்தின் பெயருக்குக் கீழே அதனை நடத்தும் கம்பனியின் பெயர் இருக்கும். தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா, களனிவெளி ஆகிய பெயர்களைக் கொண்ட பெருந்தோட்டக் கம்பனிகளின் பெயர்கள் "பி.எல்.சி." என்று முடிகின்றன. இவ்வெழுத்துகள், அக்கம்பனியின் பங்குகள் பங்குச் சந்தையில் பட்டியற்படுத்தப்பட்டுள்ளன என்பதைக் காட்டும். அதாவது, கொழும்பிலுள்ள ஒரு ஆசிரியரும், யாழ்ப்பாணத்திலுள்ள ஒரு கடைக்காரரும், ஏன், அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் உங்கள் தாயாரும்கூட அக்கம்பனியின் ஒரு சிறு பகுதிக்கு உரிமையாளராகலாம்.

இப்பாடத்தில் இதே வழியைப் பின்பற்றிய இன்னொரு வகைக் கம்பனிகளைப் பற்றிக் கற்போம். அவை உயிரியல் தொழினுட்பக் கம்பனிகள். இவற்றுட் பல, விற்பதற்கு ஒரு பொருள்கூட இல்லாத காலத்திலேயே பொதுமக்களிடம் பங்கு விற்றவை. விற்கப் பொருள் இல்லாத கம்பனியின் பங்கை மக்கள் ஏன் வாங்குகிறார்கள்? இக்கேள்விக்கு விடை தெரிந்தால் பங்கு மூலதனம், கடன் மூலதனம், இடர் ஆகிய மூன்றும் தெளிவாக விளங்கும்.

2. சில அடிப்படை விடயங்கள்

தனியார் கம்பனி: 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி இதன் பங்குதாரர் தொகை 50 இற்கு மேற்படலாகாது. பொதுமக்களுக்குப் பங்கு விற்கவும் முடியாது.

பொதுக் கம்பனி: பொதுமக்களிடம் பங்கு விற்று மூலதனம் திரட்டக்கூடியது.

ஆரம்பப் பொது வழங்கல்: ஒரு கம்பனி தனது பங்குகளைப் பொதுமக்களுக்கு முதன்முறையாக விற்பனைக்கு விடுவது. இதனையே "கம்பனி பொதுமக்களிடம் செல்கிறது" என்பர்.

விவரணப் பத்திரம்: பங்கு வாங்க விரும்புவோருக்குக் கம்பனி வெளியிடும் ஆவணம். கம்பனியின் வரலாறு, கணக்குகள், பணம் எதற்குத் தேவை, என்னென்ன இடர்கள் உண்டு என்பன இதில் இருத்தல் வேண்டும்.

பங்கிலாபம்: கம்பனியின் இலாபத்திலிருந்து பங்குதாரருக்குப் பகிரப்படும் தொகை. இலாபம் இல்லையெனில் பங்கிலாபம் கேட்க முடியாது.

உயிரியல் தொழினுட்பம்: உயிருள்ளவற்றையோ அவற்றின் பகுதிகளையோ பயன்படுத்திப் பொருள்களை ஆக்குதல். பாலைத் தயிராக்கும் பற்றீரியாவும், பாணைப் பொங்கச் செய்யும் மதுவமும் பழைய உதாரணங்கள். பரம்பரையலகை மாற்றிய நுண்ணங்கிகளைக் கொண்டு மருந்து செய்தல் புதிய உதாரணம்.

3. பங்குச் சந்தையும் தேயிலையும்

பங்குச் சந்தை நமக்குத் தூரத்து விடயம் என்று பலர் நினைப்பர். உண்மை அதுவன்று. கோப்பிப் பயிர் இலைநோயால் அழிந்த பின்னர் மலைநாட்டில் தேயிலை பரவியது. ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் வர்த்தக ரீதியாகத் தேயிலை பயிரிட்டார். அதன்பின் காடு வெட்டி, பாதை போட்டு, தொழிற்சாலை கட்டுவதற்குப் பெரும் பணம் தேவைப்பட்டது. அப்பணத்தைப் பங்கு விற்றே பெருந்தோட்டக் கம்பனிகள் திரட்டின. அப்பங்குகளை வாங்கவும் விற்கவும் 1896 இல் கொழும்பில் பங்குத்தரகர் சங்கம் தோன்றியது. இன்றைய கொழும்பு பங்குச் சந்தையின் தொடக்கம் அதுவே.

தேயிலைக்கு ஏன் பங்கு மூலதனம் பொருத்தமாக இருந்தது? வீ.பி. கன்றை நாற்றுமேடையில் வளர்த்து மலையில் நட்டால், ஒழுங்காகக் கொழுந்து எடுக்கச் சுமார் மூன்று, நான்கு ஆண்டுகள் செல்லும். அதுவரை உரம், களை எடுப்பு, சம்பளம் எல்லாம் செலவு, வரவு இல்லை. இதனை மனதிற் கொள்ளவும். உயிரியல் தொழினுட்பக் கம்பனியின் நிலையும் இதுவே. ஆனால் அங்கே காத்திருக்க வேண்டியது நான்கு ஆண்டுகள் அல்ல, பத்து ஆண்டுகளுக்கும் மேல்.

4. வங்கிக் கடன் ஏன் பொருந்தாது?

ஒரு புதிய மருந்தை ஆய்வுகூடத்தில் கண்டுபிடித்த பின் விலங்குகளில் சோதிக்க வேண்டும். அடுத்து மனிதரில் மூன்று கட்டங்களாகச் சோதிக்க வேண்டும். அதன் பின்னரே அரசின் அனுமதி கிடைக்கும். மனிதரிற் சோதிக்கத் தொடங்கும் மருந்துகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றே இறுதியில் விற்பனைக்கு வருகிறது.

இப்போது ஒரு எளிய கணக்கைப் பார்ப்போம். (இது விளக்கத்திற்கான கற்பனைக் கணக்கு.)

ஒரு கம்பனி 100 மில்லியன் ரூபாவை ஆண்டுக்கு 12% எளிய வட்டியில் கடனாகப் பெறுகிறது.
ஓராண்டு வட்டி = 100 மில்லியன் × 12% = 12 மில்லியன் ரூபா
10 ஆண்டு வட்டி = 12 மில்லியன் × 10 = 120 மில்லியன் ரூபா

பத்து ஆண்டுகளில் வட்டி மட்டுமே வாங்கிய கடனை விட அதிகமாகிவிடும். வருமானமோ இல்லை. அத்துடன் வங்கி பிணை கேட்கும். காணி, கட்டடம் பிணையாகலாம். ஒரு விஞ்ஞானியின் யோசனை பிணையாகாது.

அதே 100 மில்லியனைப் பங்கு விற்றுத் திரட்டினால் வட்டி இல்லை. திருப்பிக் கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் உரிமையின் ஒரு பகுதி மற்றவர் கைக்குப் போகும். வெற்றி கிடைத்தால் இலாபத்தைப் பகிர வேண்டும்.

நினைவில் கொள்க: கடன் கொடுத்தவர் வட்டியை எதிர்பார்ப்பார். பங்கு வாங்கியவர் கம்பனியின் நல்லதிலும் கெட்டதிலும் பங்கு கொள்வார்.

5. முதலாவது உதாரணம் – ஜெனென்டெக் (அமெரிக்கா, 1980)

1976 இல் முதலீட்டாளரான ரொபர்ட் சுவான்சனும் விஞ்ஞானியான ஹேர்பேர்ட் போயரும் கலிபோர்னியாவில் ஜெனென்டெக் கம்பனியைத் தொடங்கினர். அக்காலத்தில் நீரிழிவு நோயாளருக்கான இன்சுலின், பன்றி, மாடு ஆகியவற்றின் சதையியிலிருந்தே எடுக்கப்பட்டது. மனித இன்சுலினுக்கான பரம்பரையலகைப் பற்றீரியாவினுள் செலுத்தி, பற்றீரியாவையே இன்சுலின் ஆக்கும் தொழிற்சாலையாக மாற்றுவது இவர்களது திட்டம். 1978 இல் ஆய்வுகூடத்தில் இது கைகூடியது.

1980 ஒக்டோபர் 14 அன்று இக்கம்பனி 1 மில்லியன் பங்குகளை ஒன்று 35 டொலர் வீதம் விற்று 35 மில்லியன் டொலர் திரட்டியது. அன்று அதனிடம் கடையில் விற்கும் மருந்து ஒன்றுகூட இருக்கவில்லை. ஆயினும் சந்தை திறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் பங்கின் விலை 88 டொலர் வரை உயர்ந்தது. மாலையில் 71 டொலரளவில் நின்றது.

இதிலிருந்து ஒரு பாடம் கற்கலாம்.

35 டொலருக்கு 10 பங்கு வாங்கியவரின் அன்றைய இலாபம் = (71 – 35) × 10 = 360 டொலர்
88 டொலருக்கு 10 பங்கு வாங்கியவரின் அன்றைய நட்டம் = (88 – 71) × 10 = 170 டொலர்

ஒரே கம்பனி, ஒரே நாள். ஒருவருக்கு இலாபம், மற்றவருக்கு நட்டம். கம்பனி நல்லதா என்பது ஒரு கேள்வி. நாம் கொடுக்கும் விலை நியாயமானதா என்பது இன்னொரு கேள்வி. அவசரத்தில் வாங்குவோர் இரண்டாவது கேள்வியை மறந்துவிடுவர்.

பங்குதாரரின் நம்பிக்கை பின்னர் பலித்தது. 1982 இல் மனித இன்சுலினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதனை எலி லிலி கம்பனி விற்பனை செய்தது. 2009 இல் சுவிற்சர்லாந்தின் ரோஷ் கம்பனி, தன்னிடம் இல்லாதிருந்த எஞ்சிய பங்குகளையும் சுமார் 47 பில்லியன் டொலருக்கு வாங்கியது. அத்துடன் ஜெனென்டெக் பங்குச் சந்தையிலிருந்து நீங்கியது.

6. இரண்டாவது உதாரணம் – பயோகொன் (இந்தியா, 2004)

நமது அயல்நாட்டு உதாரணம் இது. 1978 இல் பெங்களூரில், 25 வயதுப் பெண்ணான கிரண் மஜும்தார் 10,000 ரூபா மூலதனத்துடன் ஒரு வாடகை வீட்டின் வாகனக் கொட்டகையில் பயோகொன் இந்தியாவைத் தொடங்கினார். அயர்லாந்துக் கம்பனி ஒன்று பங்காளியாக இருந்தது. புதிய தொழில், இளம் வயது, பெண் என்ற காரணங்களால் வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கியதாக அவரே பலமுறை கூறியுள்ளார்.

முதலில் அவர் மருந்து செய்யவில்லை. பப்பாசிப் பாலிலிருந்து பெறப்படும் பப்பேயின் என்னும் நொதியத்தைத் தயாரித்து ஏற்றுமதி செய்தார். இறைச்சியை மென்மையாக்க இது உதவும். நொதியம் விற்ற பணத்தில் ஆராய்ச்சி, ஆராய்ச்சியின் பயனாக மருந்து என்று கம்பனி படிப்படியாக வளர்ந்தது. 26 ஆண்டுகளின் பின்னரே, 2004 மார்ச்சில், பொதுமக்களிடம் சென்றது.

வழங்கிய பங்குகள் = 1 கோடி (10 மில்லியன்)
ஒரு பங்கின் விலை = 315 இந்திய ரூபா
திரட்டிய தொகை = 1 கோடி × 315 = 315 கோடி இந்திய ரூபா

விற்கப்பட்டது கம்பனியின் 10% மட்டுமே. ஆகவே வழங்கல் விலையின்படி முழுக் கம்பனியின் பெறுமதி 3,150 கோடி இந்திய ரூபாவாகும். வழங்கிய பங்குகளைப் போல 30 மடங்கிற்கும் மேலான பங்குகளுக்கு விண்ணப்பங்கள் வந்தன. இது மிகை விண்ணப்பம் எனப்படும். 2004 ஏப்ரல் 7 அன்று பட்டியற்படுத்தப்பட்ட முதல் நாளிலேயே கம்பனியின் சந்தைப் பெறுமதி 1 பில்லியன் அமெரிக்க டொலரைத் தாண்டியது. அதே ஆண்டில் மதுவத்தைப் பயன்படுத்தி ஆக்கிய மனித இன்சுலினையும் பயோகொன் இந்தியச் சந்தையில் விட்டது.

7. இரண்டு உதாரணங்களையும் ஒப்பிடுதல்

(அ) தொடங்கிப் பொதுமக்களிடம் செல்லும் வரை எடுத்த காலம்: ஜெனென்டெக் 4 ஆண்டுகள், பயோகொன் 26 ஆண்டுகள்.
(ஆ) அந்நேரத்தில் கையிருந்தது: ஜெனென்டெக்கிடம் ஆய்வுகூட வெற்றியும் எதிர்பார்ப்பும், பயோகொன்னிடம் விற்பனையும் இலாபமும்.
(இ) பங்கு வாங்கியவர் ஏற்ற இடர்: ஜெனென்டெக்கில் மிக அதிகம், பயோகொன்னில் அதனிலும் குறைவு.

தேயிலைக் கணக்கில் சொன்னால், முன்னையது நாற்றுமேடையிலுள்ள கன்றை நம்பிப் பணம் போடுவது. பின்னையது கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் மலையில் பணம் போடுவது. இரண்டும் தவறல்ல. எதில் போடுகிறோம் என்று தெரிந்து போட வேண்டும் என்பதே முக்கியம்.

8. அண்மைக்காலப் போக்குகள்

(1) பொருள் வருமுன் பங்கு விற்றல்: மொடேர்னா கம்பனி 2018 டிசம்பரில் ஒரு பங்கு 23 டொலர் வீதம் விற்று 600 மில்லியன் டொலருக்கு மேல் திரட்டியது. அப்போது அதனிடம் விற்பனைக்கு அனுமதி பெற்ற மருந்து எதுவும் இல்லை. முதல் நாளிலேயே விலை வீழ்ந்தது. 2020 இல் கொவிட்-19 தடுப்பூசி வெற்றி பெற்றபின், 2021 ஓகஸ்டில் 400 டொலரைக் கடந்தது. 2024 இறுதியில் மீண்டும் 50 டொலருக்குக் கீழே வந்தது.

(2) ஏற்ற இறக்கம்: எல்லா ஆண்டுகளிலும் மக்கள் இப்பங்குகளை விரும்பி வாங்குவதில்லை. மனித மரபுத்தொகுதி ஆய்வு பேசப்பட்ட 2000 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விலைகள் உச்சத்துக்குச் சென்று, பின் சரிந்தன. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பெருந்தொகையான கம்பனிகள் சந்தைக்கு வந்தன. 2022 இல் அத்தொகை வெகுவாகக் குறைந்தது. வட்டி வீதம் உயரும்போது மக்கள் பணத்தை நிலையான வைப்புகளில் இட விரும்புவதும் இதற்கு ஒரு காரணம்.

(3) ஆசியாவுக்குப் பரவுதல்: முன்னர் இத்தகைய கம்பனிகள் பெரும்பாலும் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையையே நாடின. 2018 ஏப்ரலில் ஹொங்கொங் பங்குச் சந்தை தனது விதிகளை மாற்றி, வருமானம் இல்லாத உயிரியல் தொழினுட்பக் கம்பனிகளையும் ஏற்றது. 2019 இல் ஷங்காயில் இதற்கு வசதியான புதிய சந்தைப் பிரிவு தொடங்கியது.

(4) கிளைக் கம்பனியைத் தனியே பட்டியற்படுத்தல்: பயோகொன்னின் துணைக் கம்பனியான சின்ஜீன் 2015 இல் தனியாகப் பங்குச் சந்தைக்கு வந்தது.

(5) பெரிய கம்பனி சிறியதை வாங்குதல்: ஜெனென்டெக்கை ரோஷ் வாங்கியது இதற்கு உதாரணம்.

9. எல்லா ஆராய்ச்சிக்கும் பங்குச் சந்தை தேவையா?

தேவையில்லை. தலவாக்கலையில் சென். கூம்ஸ் தோட்டத்தில் அமைந்துள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தை நினைத்துப் பாருங்கள். 1925 இல் தொடங்கிய இந்நிறுவகம் ஒரு கம்பனி அல்ல. இதற்குப் பங்குதாரர் இல்லை. தேயிலை ஏற்றுமதியின் மீது அறவிடப்பட்ட செஸ் வரிப் பணத்தினாலேயே இது வளர்ந்தது. மலைகளில் நீங்கள் காணும் டி.ஆர்.ஐ. 2025 என்ற வீ.பி. இனம் இங்கு உருவானதே. 1930களின் நடுப்பகுதியில் இலைச்சுருட்டிப் புழுவைக் கட்டுப்படுத்த, யாவாவிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து பரப்பியதும் இந்நிறுவகத்தின் புகழ்பெற்ற பணியாகும்.

ஆகவே ஆராய்ச்சிக்குப் பணம் வரும் வழிகள் இரண்டு. ஒன்று, எல்லோரிடமும் சிறு வரி பெற்று, பயனையும் எல்லோருக்கும் கொடுத்தல். மற்றது, விரும்பியவரிடம் பங்குப் பணம் பெற்று, இலாபத்தை அவர்களுக்கே பகிர்தல். முதல் வழியில் பணம் குறைவாகவும் மெதுவாகவும் வரும். இரண்டாவது வழியில் விரைவாக வரும். ஆனால் இலாபம் தரும் ஆராய்ச்சிக்கே அது செல்லும்.

10. தோட்டத் தொழிலாளரும் பங்குதாரரே

1972, 1975 ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகின. மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தின. 1992 இல் அத்தோட்டங்கள் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டன. 1995 முதல் அவற்றின் பங்குகள் விற்கப்பட்டன. 51% பங்கு முகாமைக் கம்பனிகளின் கைக்குச் சென்றது. ஒரு பகுதி பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. 10% பங்கு தொழிலாளருக்கு இலவசமாக ஒதுக்கப்பட்டது. திறைசேரிச் செயலாளர் பெயரில் "பொற்பங்கு" ஒன்றும் வைக்கப்பட்டது.

உங்கள் தாத்தாவோ அப்பாயியோ அக்காலத்தில் "பேர்" போட்டு வேலை செய்தவராயின், அவருக்கும் பங்கு கிடைத்திருக்கலாம். அதைப் பற்றி வீட்டில் கேட்டுப் பாருங்கள். றங்குப் பெட்டியில் மடித்து வைத்த தாள் ஒன்று இருந்தால் அதனை வெறும் தாள் என்று எண்ண வேண்டாம். பங்குதாரருக்குப் பின்வரும் உரிமைகள் உண்டு.

• பங்கிலாபம் அறிவிக்கப்படின் அதனைப் பெறுதல்
• வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு அழைப்பும் ஆண்டறிக்கையும் பெறுதல்
• கூட்டத்தில் வாக்களித்தல்
• பங்கை விற்றல் அல்லது உரித்தாளிகளுக்கு விட்டுச் செல்லல்

தாளின் பெறுமதி தெரியாமல் வெளியாருக்குக் கையொப்பமிட்டுக் கொடுப்பது தவறு. கம்பனியின் செயலாளருக்குக் கடிதம் எழுதினால் பங்கின் நிலையை அறியலாம். அவரது முகவரி கம்பனியின் ஆண்டறிக்கையில் இருக்கும். இக்கடிதத்தை எழுத இப்பாடம் கற்ற உங்களால் முடியும்.

11. சீட்டும் பங்கும்

லயத்தில் சீட்டுப் பிடிப்பதை நீங்கள் அறிவீர்கள். பலர் சிறுகச் சேர்த்துப் பெருந்தொகை ஆக்குவதில் சீட்டும் பங்கும் ஒன்றே. ஆனால் சீட்டில் போட்ட பணம் முறை வரும்போது கைக்கு வர வேண்டும். பங்கில் போட்ட பணம் திரும்பும் என்ற உறுதி இல்லை. எனவே பரீட்சைக் கட்டணத்துக்கும் அரிசிக்கும் வைத்த பணத்தில் பங்கு வாங்கலாகாது. மறுபுறம், கம்பனி முறிந்தாலும் பங்குக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை முழுமையாகக் கொடுத்தவரிடம் மேலும் கேட்க முடியாது. இது வரையறுத்த பொறுப்பு எனப்படும்.

12. பயிற்சி வினாக்கள்

பகுதி 1 – சரியான விடையைத் தெரிவு செய்க.

(1) பொதுமக்களுக்குப் பங்கு விற்க முடியாத அமைப்பு:
(அ) பொதுக் கம்பனி (ஆ) தனியார் கம்பனி (இ) பட்டியற்படுத்திய கம்பனி (ஈ) பெருந்தோட்டப் பொதுக் கம்பனி

(2) 1 கோடி பங்குகளை 315 ரூபா வீதம் விற்றால் திரட்டப்படும் தொகை:
(அ) 31.5 கோடி (ஆ) 315 இலட்சம் (இ) 315 கோடி (ஈ) 3,150 கோடி

(3) வழங்கிய பங்குகளை விட அதிக பங்குகளுக்கு விண்ணப்பம் வருவது:
(அ) பங்கிலாபம் (ஆ) மிகை விண்ணப்பம் (இ) பிணை (ஈ) பொற்பங்கு

விடைகள்: (1) ஆ (2) இ (3) ஆ

பகுதி 2 – கட்டமைப்பு வினா

"ஆராய்ச்சியில் ஈடுபடும் புதிய கம்பனிக்குக் கடன் மூலதனத்தை விடப் பங்கு மூலதனம் பொருத்தமானது." விளக்குக.

மாதிரி விடை: (i) ஆராய்ச்சிக் காலத்தில் வருமானம் இல்லாமையால் வட்டி செலுத்த முடியாது. பங்கு மூலதனத்துக்கு வட்டி இல்லை. பங்கிலாபமும் இலாபம் உள்ளபோதே. (ii) பிணையாக வைக்கப் போதிய சொத்து இல்லை. (iii) தோல்வியின் இடர் பலரிடையே பகிரப்படுகிறது. (iv) எனினும் உரிமையில் ஒரு பகுதியையும் எதிர்கால இலாபத்தில் ஒரு பகுதியையும் விட்டுக்கொடுக்க வேண்டும்.

கவனிக்க: (iv) ஆவது குறிப்பைப் பல மாணவர் எழுதாது விடுவர். நன்மையுடன் பிரதிகூலத்தையும் எழுதினாலே விடை முழுமை பெறும். பங்கு வாங்கும்போதும் அப்படியே: கம்பனி சொல்லும் நன்மையை வாசித்தபின், விவரணப் பத்திரத்தில் "இடர்கள்" என்ற தலைப்பின் கீழ் உள்ளதையும் வாசிக்க வேண்டும்.